ஆலை கட்டுபவரிடம் வங்கி கேட்கும் கேள்வி: உயிரி எரிபொருளை அரசுக் கொள்கை வளர்க்கும் விதம்

ஒருவர் எத்தனால் ஆலை கட்டக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கரும்போ மக்காச்சோளமோ விளைகிறது. தொழில்நுட்பத்திலும் பெரிய மர்மம் இல்லை. சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றும், அதைக் காய்ச்சி வடித்து, மிச்சமிருக்கும் ஈரத்தையும் நீக்கிவிட்டால் பெட்ரோலில் கலக்கத் தயார். மக்காச்சோளம் என்றால் முதலில் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாவற்றையும் திட்ட அறிக்கையாக எழுதி, கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார். அங்கே ஈஸ்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. “இதை யார் வாங்குவார்கள்? கடன் அடைந்து முடியும்வரை வாங்கிக்கொண்டே இருப்பார்களா?” என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு அவர் கையில் பதில் இல்லை. அரசாங்கத்திடம்தான் இருக்கிறது. எத்தனால் போன்ற உயிரி எரிபொருள் ஏன் சில நாடுகளில் மளமளவென்று வளர்ந்தது, ஏன் சில நாடுகளில் அறிவிப்போடு நின்றுபோனது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில், ஏன் அரசாங்கம்? காய்கறி விற்பவர் அரசாணைக்குக் காத்திருப்பதில்லையே.

காரணம் இரண்டு. ஒன்று, விலை. எத்தனாலின் அடக்கவிலையில் பெரும்பங்கு மூலப்பொருளுக்கே போய்விடும். அந்த விலையை மழையும் சந்தையும் தீர்மானிக்கின்றன. எத்தனால் போட்டிபோட வேண்டிய பெட்ரோலின் விலையையோ கச்சா எண்ணெய் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கரும்பு விலை ஏறும் வருடத்தில் கச்சா எண்ணெய் சரிந்தால் ஆலைக்காரர் கதை முடிந்தது. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே பெட்ரோல் விலைக்கே விற்றாலும் வண்டி ஓட்டுபவருக்கு அது நஷ்டம்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. எத்தனாலை வாங்கிக் கலந்து விற்க வேண்டியவர்கள் பெட்ரோல் விற்கும் அதே எண்ணெய் நிறுவனங்கள். சேமிப்புத் தொட்டியும் பங்க்கும் அவர்களுடையவை. கலக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் அவர்களுடைய சொந்தச் சரக்கில் கொஞ்சம் குறையும். போட்டியாளரே ஒரே வாடிக்கையாளராகவும் இருக்கும் தொழிலில், ‘வாங்கித்தான் ஆக வேண்டும்’ என்று வெளியிலிருந்து யாராவது சொன்னால்தான் கதவு திறக்கும்.

அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் கட்டாயக் கலப்பு. பெட்ரோலில் இத்தனை சதவீதம் எத்தனால், டீசலில் இத்தனை சதவீதம் பயோடீசல் என்று சட்டம் நிர்ணயிக்கும். பயோடீசல் என்பது பாமாயில், சோயா எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து எடுப்பது. கட்டாயக் கலப்புக்குத் துணையாக வரிச்சலுகை, கொள்முதல் விலை உத்தரவாதம், குறைந்த வட்டிக் கடன், இறக்குமதி வரி என்று இன்னும் சில கருவிகள் உண்டு. தனித்தனியாக விளக்குவதைவிட, எல்லாவற்றையும் ஒருசேரக் கையிலெடுத்த நாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பிரேசில்: ஏற்றம், சரிவு, மறுபடி ஏற்றம்

1973இல் கச்சா எண்ணெய் விலை எகிறியபோது பிரேசில் தன் எண்ணெய்த் தேவையில் சுமார் 80 சதவீதத்தை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் உலகச் சந்தையில் சர்க்கரை விலையும் விழுந்தது. ஒரு பக்கம் எண்ணெய்க்குக் கொடுக்க டாலர் இல்லை, மறுபக்கம் கரும்பு தேங்கிக் கிடக்கிறது. 1975 நவம்பரில் அன்றைய ராணுவ அரசு ‘புரோ ஆல்கூல்’ திட்டத்தை அறிவித்தது. ஆலை கட்டுபவருக்குக் குறைந்த வட்டியில் கடன். உற்பத்தியாகும் எத்தனாலை அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் வாங்கிக்கொள்ளும் என்ற உத்தரவாதம். பங்க்கில் எத்தனாலின் விலை பெட்ரோலைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும்படி அரசே பார்த்துக்கொண்டது. வங்கியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

1979இல் இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வந்ததும் அரசு இன்னும் துணிந்தது. பெட்ரோலில் கலப்பதோடு நிற்காமல், முழுக்க எத்தனாலிலேயே ஓடும் கார்களை விற்க நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. அந்த வருடமே ஃபியட் 147 எத்தனால் கார் சந்தைக்கு வந்தது. அந்த வகைக் கார்களுக்கு வரி குறைவு. 1980களின் நடுவில் பிரேசிலில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எத்தனால் கார்கள்.

அப்புறம் 1986 வந்தது. கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது. மலிவாகிவிட்ட பெட்ரோலுக்கு எதிரே எத்தனாலைத் தாங்கிப்பிடிப்பது கஜானாவுக்குப் பெரும் பாரமாகிவிட, அரசு ஆலைகளுக்குக் கொடுத்த ஆதரவைக் குறைத்தது. 1980களின் இறுதியில் சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் கரும்பைச் சர்க்கரைப் பக்கம் திருப்பின. ஆனால் சாலையில் லட்சக்கணக்கான எத்தனால் கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவே! 1989-90இல் பங்க்குகளில் எத்தனால் தீர்ந்துபோனது. எத்தனாலை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிய கேவலமும் நேர்ந்தது. அரசை நம்பிக் கார் வாங்கியவர் வெறும் டேங்கோடு வரிசையில் நின்றார். அந்தக் கோபம் ஆற வெகுகாலம் ஆயிற்று. 1990களின் இறுதியில் புதிய எத்தனால் கார் விற்பனை ஏறக்குறைய பூஜ்யம்.

மீட்சி கொள்கையிலிருந்து மட்டும் வரவில்லை. 2003இல் ஃபோக்ஸ்வேகன், ‘கோல்’ காரில், பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் ‘ஃபிளெக்ஸ்’ இன்ஜினைக் கொண்டுவந்தது. இப்போது ஓட்டுநர் யாரையும் நம்ப வேண்டியதில்லை. பங்க்குக்குப் போகிறார், எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல். முன்பு அரசு சுமந்த விலை அபாயத்தை இந்தச் சின்ன மனக்கணக்கு வண்டியின் டேங்குக்கே மாற்றிவிட்டது. கட்டாயக் கலப்பு மட்டும் தொடர்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து பெட்ரோலில் 30 சதவீதம்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது 1975 அல்ல, 1989தான். மானியம் எவ்வளவு என்பதைவிட, அது எப்போது காணாமல்போகும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் தொழிலை முறித்தது.

சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்த எரிபொருள்

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2005இல் ஒரு சட்டம், 2007இல் அதை விரிவாக்கி இன்னொன்று. சதவீதமாக இல்லாமல், ஆண்டுக்கு இத்தனை கேலன் என்று அளவாகவே எழுதினார்கள். 2022இல் 3,600 கோடி கேலன் வரவேண்டும் என்பது இலக்கு. அதாவது சுமார் 13,600 கோடி லிட்டர். ஒவ்வொரு சுத்திகரிப்பு நிறுவனத்துக்கும் அதன் விற்பனைக்கேற்ப ஒரு பங்கு. உற்பத்தியாகும் ஒவ்வொரு கேலனுக்கும் ஒரு எண் உண்டு. அதை ‘ரின்’ என்பார்கள். எரிபொருளை வாங்கிக் கலந்தால் அந்த எண் நிறுவனத்தின் கைக்கு வரும். வருடக் கடைசியில் தேவையான அளவு ரின்களை அரசிடம் காட்ட வேண்டும். குறைந்தால், அதிகமாக வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து வாங்கலாம். ரேஷன் சீட்டை எரிபொருளைவிட்டுப் பிரித்துத் தனியாக விற்பது போல.

மக்காச்சோள எத்தனாலைப் பொறுத்தவரை இது அபாரமாக வேலைசெய்தது. 2000இல் ஆண்டுக்குச் சுமார் 600 கோடி லிட்டராக இருந்த அமெரிக்க எத்தனால் உற்பத்தி, 2010இல் சுமார் 5,000 கோடி லிட்டர். இதில் இந்தச் சட்டத்துக்கு மட்டுமே பெருமை சேராது; ஏற்கெனவே இருந்த வரிச்சலுகையும், நிலத்தடி நீரைக் கெடுத்த எம்டிபிஇ என்ற பெட்ரோல் சேர்மத்தைக் கைவிட்டதும் சேர்ந்தே உதவின.

சறுக்கியது வேறு இடத்தில். உணவுப் பயிரையே நம்பியிருக்கக் கூடாது என்று, வைக்கோல், தட்டை, மரச்சக்கை போன்றவற்றிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் எரிபொருளுக்குச் சட்டம் தனி இலக்கு வைத்தது. 2010இல் 10 கோடி கேலன், 2022இல் 1,600 கோடி கேலன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தட்டையிலிருக்கும் செல்லுலோஸை மலிவாகச் சர்க்கரையாக்கும் வித்தை ஆய்வகத்தைத் தாண்டி வரவில்லை. 2010 இலக்கை 65 லட்சம் கேலனாகக் குறைத்தார்கள். அதற்கும் எரிபொருள் இல்லை. சந்தையிலேயே இல்லாத சரக்கைக் கலக்கவில்லை என்று சுத்திகரிப்பு நிறுவனங்கள் காசு கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012க்கான செல்லுலோஸ் இலக்கை 2013 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. நடப்பிலிருக்கும் தொழிலைச் சட்டம் போட்டுப் பெரிதாக்கலாம். கைக்கு வராத தொழில்நுட்பத்தைத் தேதி போட்டு வரவழைக்க முடியவில்லை.

விட்டு விட்டு வரும் சலுகை என்ன செய்யும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பயோடீசலுக்கு கேலனுக்கு ஒரு டாலர் வரிச்சலுகை இருந்தது. 2009 முடிவில் அது காலாவதியானது. 2010இல் உற்பத்தி சரிந்தது. அந்த வருடக் கடைசியில் பின்தேதியிட்டு மறுபடி கொடுத்தார்கள்; 2011இல் உற்பத்தி இரு மடங்குக்கும் மேலே போனது. அதன்பின்னும் இந்தச் சலுகை பலமுறை காலாவதியாகிப் பலமுறை உயிர்த்தெழுந்தது. ஈஸ்ட்டுக்கும் இயந்திரத்துக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை. நாடாளுமன்றக் காலண்டரைப் பார்த்துத்தான் ஆலைகள் ஓடின, நின்றன.

விதியில் எழுதியதுதான் விளையும்

ஆரம்பநிலை விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. அரசு எதற்குக் காசு கொடுக்கிறதோ, அச்சு அசலாக அதுதான் வரும். அரசு மனதில் நினைத்தது வர வேண்டிய கட்டாயம் இல்லை.

அதே ஒரு டாலர் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். பயோடீசலைச் சாதாரண டீசலோடு ‘கலப்பவருக்கு’ அது கிடைக்கும். எவ்வளவு டீசல் கலக்க வேண்டும் என்று சொல்லவில்லை. என்ன நடந்தது? ஒரு கப்பல் நிறைய பயோடீசல் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும். அதில் பெயருக்குக் கொஞ்சம் டீசலை ஊற்றுவார்கள். 99 சதவீதம் பயோடீசல், ஒரு சதவீதம் டீசல்; கலப்பாயிற்று, சலுகையும் வந்தாயிற்று. கப்பல் அப்படியே ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடும். அங்கேயும் சலுகை இருந்தது. ‘ஸ்பிளாஷ் அண்ட் டாஷ்’ என்று இதற்குப் பட்டப்பெயரே வைத்தார்கள்: தெளித்துவிட்டு ஓடு. கடைசியில் 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க பயோடீசல்மீது தண்டனை வரி போட்டது.

இதைவிட வேடிக்கை காகித ஆலைகள் செய்தது. மரக்கூழ் காய்ச்சும்போது மிஞ்சும் கறுப்புத் திரவத்தை அவர்கள் வெகுகாலமாகத் தங்கள் பாய்லரில் எரித்துத்தான் வந்தார்கள். அதில் டீசல் துளியும் தேவையில்லை. வாகன எரிபொருளை மனதில் வைத்து எழுதிய ஒரு வரிச்சலுகை, ‘மாற்று எரிபொருளோடு பெட்ரோலியப் பொருளைக் கலந்தால் கேலனுக்கு 50 சென்ட்’ என்றது. 2009இல் காகித ஆலைகள் அந்தத் திரவத்தில் கொஞ்சம் டீசலை ஊற்ற ஆரம்பித்தன. பெட்ரோலியத்தைக் குறைக்க வந்த சலுகை, அது இல்லாத இடத்தில் புதிதாகப் பெட்ரோலியத்தை எரிய வைத்தது! அந்த ஆண்டு முடிவோடு அதை நிறுத்தினார்கள். ஆனால் அதற்குள் கோடிக்கணக்கான டாலர் போய்விட்டது.

தவறு காகித ஆலைகளுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரையறையைக் கவனமில்லாமல் எழுதினால் இப்படித்தான்.

வயலும் தட்டும்

2007-08இல் உலகமெங்கும் தானிய விலை ஏறியபோது விரல்கள் எத்தனால் பக்கம் திரும்பின. எத்தனால் அதில் எவ்வளவு பங்கு வகித்தது என்று பொருளியலாளர்கள் இன்றும் சண்டைபோடுகிறார்கள். கச்சா எண்ணெய், பயிர் நஷ்டம், ஏற்றுமதித் தடைகள் என்று பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. ஆனால் அடுத்த சில வருடங்களில் அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைகளுக்குப் போக ஆரம்பித்தது உண்மை. அதில் ஒரு பகுதி கால்நடைத் தீவனமாகத் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈஸ்ட் மாவுச்சத்தைத்தான் தின்கிறது, புரதம் சக்கையில் தங்கிவிடும்.

அதைவிட ஆழமான சிக்கல் நிலத்தில். ஒரு நாட்டில் உணவுப் பயிரை எரிபொருளுக்குத் திருப்பினால், அந்த உணவை வேறெங்கோ யாரோ விளைவிக்க வேண்டும். அதற்காகக் காடு அழிந்தால், மரத்திலும் மண்ணிலும் இருந்த கார்பன் காற்றுக்குப் போகும். பெட்ரோலைக் குறைத்து மிச்சப்படுத்தியதை அது பல வருடங்களுக்குத் தின்றுவிடும். 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் கணக்கைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த வருடமே, 2020க்குள் போக்குவரத்து எரிபொருளில் 10 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு விவாதம் முற்றி, 2015இல் உணவுப் பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு வந்தது. பாமாயில் பயோடீசலை 2030க்குள் இலக்குக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதாகவும் முடிவாயிற்று.

10 சதவீதத்தை நம்பி ஆலை கட்டியவர் 7 சதவீதத்தைப் பார்த்து விழித்தார். கொள்கை திருந்தியது சரிதான். விலை கொடுத்தவரும் அவர்தான்.

பாமாயிலுக்குப் பதிலாக, பயன்படுத்திய சமையல் எண்ணெயை ஐரோப்பா ஊக்குவித்தது. அதில் செய்த பயோடீசலை இலக்குக் கணக்கில் இரு மடங்காகக் காட்டிக்கொள்ளலாம். விளைவு, பொரித்து முடித்த எண்ணெய் சில சமயம் புதுப் பாமாயிலைவிட விலை உயர்ந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? புது எண்ணெயைப் பழைய எண்ணெய் என்று சொல்லி விற்கிறார்களோ என்ற சந்தேகம் இன்றுவரை ஓயவில்லை.

ஐரோப்பா கதவைச் சாத்தும்போது இந்தோனேசியா தன் பாமாயிலுக்கு உள்நாட்டிலேயே சந்தையை உண்டாக்கிக்கொண்டது. 2015இலிருந்து பாமாயில் ஏற்றுமதியில் ஒரு தீர்வை வசூலித்து, அந்த நிதியிலிருந்து டீசலுக்கும் பயோடீசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஈடுசெய்கிறார்கள். 2020இல் டீசலில் 30 சதவீதக் கலப்பு, 2025இல் 40 சதவீதம். பட்ஜெட்டிலிருந்து காசு எடுக்காமல், அதே தொழிலிடமே வாங்கி அதே தொழிலுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. புத்திசாலித்தனமானதுதான். ஆனால் கச்சா எண்ணெய் விழுந்து பாமாயில் ஏறும் நாட்களில் நிதிக்கு மூச்சு முட்டும்.

இந்தியாவில் விலையே கொள்கை

இந்தியா 2003இல் 5 சதவீதக் கலப்போடு தொடங்கியது. 2013-14இல்கூட உண்மையில் கலந்தது 1.5 சதவீதம்தான். 2022இல் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம். பத்து வருடத்துக்கு மேல் நகராதது ஏன் திடீரென ஓடியது? 2014இலிருந்து கொள்முதல் விலையை அரசே நிர்ணயித்தது. 2018இல் அந்த விலையை நுணுக்கமாகப் பிரித்தது. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சர்க்கரை வெளியே வரும். இதற்குமேல் பிரித்தெடுக்க முடியாது என்ற நிலையில் மிஞ்சும் கறுத்த பாகுதான் சி-ஹெவி மொலாசஸ். முன்பு எத்தனால் பெரும்பாலும் அதிலிருந்துதான். ஒரு சுற்று முன்னதாகவே நிறுத்திவிட்டால் சர்க்கரை கொஞ்சம் தங்கிய பி-ஹெவி மொலாசஸ் கிடைக்கும். அதில் எத்தனால் அதிகம் வரும், ஆனால் ஆலை கொஞ்சம் சர்க்கரையை இழக்கும். பழைய ஒரே விலையில் இந்த இழப்பை யார் ஏற்பார்கள்? 2018இல் பி-ஹெவிக்கும் நேரடிச் சாற்றுக்கும் தனித்தனியாகக் கூடுதல் விலை வைத்ததும், சர்க்கரை உபரியான வருடங்களில் ஆலைகள் தாமாகவே எத்தனால் பக்கம் சாய்ந்தன. வட்டி மானியமும் இருந்ததால் வடிப்பாலைகள் முளைத்தன.

2023இல் மழை பொய்த்துச் சர்க்கரை குறையும் என்ற பயம் வந்தது. அந்த டிசம்பரில், புதிய பருவம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தபோது, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க அரசு தடை போட்டது. சில நாட்களில் கொஞ்சம் தளர்த்தினாலும், சாற்றை நம்பி முதலீடு செய்தவர்கள் ஆடிப்போனார்கள். அந்த இடத்தை நிரப்ப மக்காச்சோள எத்தனாலின் விலையை உயர்த்தினார்கள். மக்காச்சோளம் ஆலைகளுக்குப் பாய்ந்தது; தீவனம் கிடைக்காமல் கோழிப் பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள்; மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் இறக்குமதி செய்தது. ஒரு விலைப்பட்டியலில் ஒரு வரி மாறியதற்கு இவ்வளவு தூரம் அதிர்வு.

காட்டாமணக்கு பயோடீசல் கனவும் 2003 வாக்கில் பிறந்ததுதான். தரிசில், தண்ணீர் இல்லாமல் விளையும் என்றார்கள். தரிசில் செடி உயிரோடு இருந்தது உண்மை, விதைதான் வரவில்லை.

இப்போது கேள்வி மாறுகிறது

எவ்வளவு லிட்டர் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு லிட்டருக்கும் எவ்வளவு கார்பன் என்று கேட்கும் கொள்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா 2011இலிருந்து இப்படித்தான் மதிப்பெண் போடுகிறது. ஒரே மக்காச்சோளம், ஒரே எத்தனால். ஆனால் பாய்லரில் நிலக்கரி எரிக்கும் ஆலைக்கு ஒரு மதிப்பெண், இயற்கை எரிவாயு எரிக்கும் ஆலைக்கு இன்னொன்று. மதிப்பெண் நன்றாக இருந்தால், ரின் போல விற்கக்கூடிய சான்றுகள் அதிகம் கிடைக்கும். பிரேசிலும் 2017இல் ‘ரெனோவாபயோ’ சட்டத்தின் மூலம் ஏறக்குறைய இந்த வழிக்கு வந்தது.

இதிலும் கோணல்கள் உண்டு. அமெரிக்க விதிகளில் கரும்பு எத்தனாலுக்கு மதிப்பு அதிகம் என்பதால் பிரேசில் எத்தனால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதே காலத்தில் பிரேசிலின் பற்றாக்குறையை ஈடுகட்ட அமெரிக்க மக்காச்சோள எத்தனால் பிரேசிலுக்குப் போனது. இரண்டும் ஒரே வேதிப்பொருள். நடுக்கடலில் ஒன்றையொன்று கடந்துபோயின.

இருந்தாலும் இந்தத் திசை எனக்குப் பிடித்திருக்கிறது. எந்தப் பயிர் நல்லது என்று அரசு முன்கூட்டியே சோதிடம் சொல்ல வேண்டியதில்லை. விமான எரிபொருளிலும் இதே சோதனை தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் வழங்கும் எரிபொருளில் 2025இலிருந்து 2 சதவீதம் கார்பன் குறைந்த ‘நீடித்த’ வகையாக இருக்க வேண்டும், 2030இல் 6 சதவீதம், 2050இல் 70 சதவீதம். உணவு, தீவனப் பயிரிலிருந்து எடுத்தது இந்தக் கணக்கில் சேராது. 2007 அமெரிக்கச் சட்டத்தின் செல்லுலோஸ் இலக்கை அறிந்தவர்களுக்கு அந்த 70ஐப் பார்க்கும்போது லேசாக வயிற்றைக் கலக்கும்.

நம் ஆலைக்காரர் இன்று வங்கிக்குப் போனால், யார் வாங்குவார்கள் என்ற பழைய கேள்வி முடிந்ததும் மேலாளர் அடுத்த தாளைப் புரட்டுவார். கரும்பு வளரும் நிலம் 2008 ஜனவரியில் (ஐரோப்பிய விதி வைத்த கெடு அது) காடாக இருந்ததா? பாய்லரில் என்ன எரிக்கப்போகிறீர்கள்? சக்கையா, நிலக்கரியா?